பாத்திரத்தில் போடாதது தாக்கத்தில் வராது: ஊக்கித் தாக்கங்களைக் கணினியில் தானாகத் தேடத் தொடங்குவோருக்கு

தேயிலை இஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்த ரோலிங் அறை வாசனை மறக்காது. வாட்டிய கொழுந்து பச்சையாகத்தான் உள்ளே போகும். உருட்டி, பிரித்து, விரித்துப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறம் ஏறிவிடும். இதை எல்லாரும் 'நொதித்தல்' என்கிறோம். உண்மையில் அங்கே நுண்ணுயிர் வேலை எதுவும் இல்லை, நடப்பது ஒட்சியேற்றம். பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற செம்பு அடங்கிய நொதியம், கொழுந்திலுள்ள கட்டெச்சின்களைக் காற்றின் ஒட்சிசனோடு சேர்க்கிறது. செடியில் இருக்கும்வரை இலை ஏன் சிவப்பதில்லை? நொதியம் ஓர் அறையிலும் கட்டெச்சின் வேறோர் அறையிலும் கலத்துக்குள் பிரிந்து கிடக்கின்றன. ரோலர் அந்தச் சுவர்களை உடைத்து இரண்டையும் சந்திக்க வைக்கிறது. பிறகு அடுப்புச் சூடு நொதியத்தின் கதையை முடிக்கிறது.

கணினியில் தாக்கம் தேடுவதும் இதே கதைதான். சந்திக்க வைத்தால் நடக்கும், வைக்காவிட்டால் கணினி எத்தனை நாள் ஓடினாலும் நடக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் செய்தவர்கள், பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டாம் வருடத்தில் இருப்பவர்கள், ஒரு பழைய மடிகணினி வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தொடங்கலாம்.

எதைத் தேடுகிறோம்?

அட்டனில் ஏறிப் பதுளைக்கு ரயிலில் போகிறீர்கள். அட்டன் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர், பதுளை 650 மீற்றர் அளவில். மொத்தத்தில் இது இறங்கும் பயணம். ஆனாலும் ரயில் முதலில் மூச்சுவாங்க ஏறித்தான் ஆகவேண்டும். பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் நடுவில் 1,898 மீற்றர் உச்சியைத் தாண்டாமல் பதுளை கிடையாது. அட்டனிலிருந்து பார்த்தால் ஏற்றம் 640 மீற்றர் அளவு. பதுளையிலிருந்து திரும்பி வரும்போது அதே உச்சிக்கு 1,250 மீற்றர் ஏறவேண்டும்.

தாக்கமும் இப்படித்தான். தாக்கிகள் அட்டன், விளைவுகள் பதுளை, அந்த உச்சி தாண்டல் நிலை. அட்டனுக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நாம் உயர்தரத்தில் படித்த ஏவற்சக்தி. மூலக்கூறின் அணுக்களை எப்படி எப்படி அடுக்கினாலும் அந்தந்த அடுக்குக்கு ஒரு சக்தி உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு நிலப்பரப்பு கிடைக்கும். பள்ளத்தாக்குகள் நிலையான மூலக்கூறுகள். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடையில் மிகத் தாழ்வான கணவாய் எதுவோ அது தாண்டல் நிலை.

முன்பெல்லாம் இரசாயனவியலாளர் தாளில் அம்புக்குறி போட்டு, "இது இப்படித்தான் நடந்திருக்கும்" என்று ஊகித்து, ஊகித்ததை மட்டும் கணிப்பார். தானியங்கித் தேடல் செய்வது வேறு. ஒரு பள்ளத்தாக்கில் நின்று, அதிலிருந்து வெளியே போகும் கணவாய்களையெல்லாம் தேடும். ஒவ்வொன்றையும் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கும். அங்கிருந்து மறுபடி தேடும். கடைசியில் உங்கள் கையில் இருப்பது ஒற்றைப் பாதை அல்ல, ஒரு தாக்க வலை.

ஊக்கி பற்றி ஒன்று. பாடநூலில் அதே மலையை வரைந்து, உச்சியை மட்டும் கொஞ்சம் செதுக்கிப் புள்ளிக்கோட்டில் காட்டுவார்கள். அந்தப் படம் பலரைக் குழப்பியிருக்கிறது. ஊக்கி எந்த மலையையும் செதுக்குவதில்லை, வேறு பாதை திறக்கிறது. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாகவும் ஏறலாம், இரத்தினபுரிப் பக்கமாகவும் ஏறலாம். சேருமிடம் ஒன்று, வழியில் வரும் ஏற்ற இறக்கம் வெவ்வேறு. ஊக்கிப் பாதையில் பெரும்பாலும் ஒரு பெரிய ஏற்றத்துக்குப் பதிலாகப் பல சிறிய ஏற்றங்கள் இருக்கும், இடையில் தங்குமிடங்கள் போல இடைநிலைகள் இருக்கும், முடிவில் ஊக்கி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இத்தனையையும் மனிதர் ஊகிப்பது சிரமம் என்பதால்தான் இந்தத் துறையில் தானியங்கித் தேடலுக்கு இவ்வளவு கிராக்கி.

கையில் என்ன வேண்டும்

8 கிகாபைட் நினைவகம், நான்கு கருக்கள் உள்ள மடிகணினி தொடக்கத்துக்குப் போதும். அதில் லினக்ஸ் வேண்டும். விண்டோசை அழிக்க மனம் வராவிட்டால் அதற்குள்ளேயே உபுண்டு போட்டுக்கொள்ளலாம். பைத்தன் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. தெரியாதென்றால் கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றிச் சேமிக்கத் தெரிந்தால் சமாளிக்கலாம்.

நிரல்களில் முதலில் எக்ஸ்டிபி, அணுக்களின் ஒவ்வோர் அடுக்குக்கும் சக்தி கணித்துத் தருவது. ஜெர்மனியின் பான் நகரில் ஸ்டெபான் கிரிம்மே குழு உருவாக்கியது, இலவசம். இதன் ஜிஎஃப்என்2 என்ற முறை 2019 இல் வெளிவந்தது. துல்லியம் நடுத்தரம், வேகம் அபாரம். பன்னிரண்டு அணுக்கள் உள்ள ஒரு கூட்டத்தைச் சில செக்கன்களில் சீர்செய்துவிடும், அதாவது அணுக்களை நகர்த்திப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் அடியில் இறக்கிவிடும். அதே குழுவின் க்ரெஸ்ட், ஒரு மூலக்கூறு வளைந்து நெளிந்து எடுக்கக்கூடிய தோற்றங்களையெல்லாம் தேடித் தரும். அடுத்தது ஓர்கா, பிராங்க் நீசே குழுவினுடையது, கல்வித் தேவைக்கு இலவசம். இதில்தான் டிஎஃப்டி என்ற, இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைக் கணிக்கும் துல்லியமான முறையில் கணிப்புகளைச் செய்வோம். மூலக்கூறை வரைந்து பார்க்க அவகாட்ரோ.

தேடலையே தானாக நடத்தும் நிரல்கள் பல. தாக்கியையும் விளைவையும் எழுத்து வடிவில் கொடுத்தால் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஓட்டோ-டிஈ, ஒக்ஸ்ஃபோர்டில் பெர்னாண்டா டுவார்ட்டே குழு வெளியிட்டது. புதியவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சூரிச்சில் மார்க்குஸ் ரைஹர் குழுவின் கெமோட்டன் இதைவிடப் பெரிய ஆள், முழு வலையையும் விரிக்கும். ஜப்பானில் மயேதாவும் மொரொகுமாவும் 2010 அளவில் கொண்டுவந்த வழி இன்னொன்று. இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையில் செயற்கையாக ஒரு விசையைக் கொடுத்து நெருக்கி, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். யோசித்தால் ரோலர் செய்வதும் அதுதானே.

கட்டளைகளை இங்கே எழுதவில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறும், அந்தந்த நிரலின் கையேட்டைப் பாருங்கள். கையேடுகளை முதலிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ரீலோட் போட்ட டேட்டாவும் தாங்காது. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த காலத்தில்தான் நான் ஒரு பழக்கத்தைப் பிடித்தேன். பெரிய வேலை ஒன்றை ஒரே மூச்சில் ஓடவிடாமல், பத்து நிமிடத்தில் முடியும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் விடையைத் தனிக் கோப்பில் எழுதச் செய்வது. கரண்ட் போனால் ஒரு துண்டுதான் போகும். கணினியே இல்லாதவர்கள் கூகுள் கொலாபில் எக்ஸ்டிபி போட்டு ஓட்டலாம். அங்கும் இதே துண்டு முறை உதவும், இலவசக் கணக்கில் ஓட்டம் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடலாம்.

பழகுவதற்கு ஒரு தாக்கம்

விடை தெரிந்த தாக்கத்தில் தொடங்குங்கள். புதியவர்கள் நேரே பெரிய பலேடியம் சேர்மத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். விடை சரியா பிழையா என்று அவர்களுக்கும் தெரியாது, கேட்கப்போன ஆளுக்கும் தெரியாது.

நான் சொல்லும் பயிற்சித் தாக்கம்: காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து காபோனிக் அமிலம். சோடாப் போத்தலில் நடப்பது, நம் இரத்தத்திலும் நடப்பது. மொத்தம் ஆறு அணுக்கள். ஊக்கி இல்லாமல் 25 பாகையில் நீரில் இதன் வீத மாறிலி செக்கனுக்கு ஏறத்தாழ 0.04, அதாவது பாதி காபனீரொட்சைட்டு மாற 20 செக்கன் அளவு ஆகும். இரத்தத்தில் காபோனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியம் இருக்கிறது. அதன் மையத்தில் ஒரு நாக (Zn) அணு. மிக வேகமான வகையில் ஒரு நொதிய மூலக்கூறு செக்கனுக்குப் பத்து இலட்சம் தடவை இந்த வேலையைச் செய்யும். ஊக்கி இல்லாத விடையும் தெரியும், ஊக்கியோடான விடையும் தெரியும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அவகாட்ரோவில் காபனீரொட்சைட்டை வரையுங்கள், பக்கத்தில் ஒரு நீரை வையுங்கள், எக்ஸ்டிபியில் சீர்செய்யுங்கள். அது தாக்கி. காபோனிக் அமிலத்தையும் அப்படியே செய்யுங்கள். அது விளைவு. இங்கேதான் பாதிப் பேர் முதல் தடவை விழுவார்கள். இரண்டு கோப்பிலும் அணுக்கள் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். தாக்கிக் கோப்பில் ஐந்தாவது வரியில் இருக்கும் ஐதரசன்தான் விளைவுக் கோப்பிலும் ஐந்தாவது வரியில் இருக்கவேண்டும். ஐந்தும் ஆறும் இடம் மாறிவிட்டால், நமக்கு இரண்டும் ஒரே ஐதரசன்தான், ஆனால் கணினிக்கு அது வேறு ஆள். இரண்டையும் இடம் மாற்றப் பிணைப்பை வீணாக முறித்து, நீரைக் குட்டிக்கரணம் போட வைத்து, வானளாவிய ஒரு தடையைக் காட்டும். விளைவைப் புதிதாக வரையாமல், தாக்கிக் கோப்பைப் பிரதி எடுத்து அதிலுள்ள அணுக்களையே இழுத்து நகர்த்தி விளைவாக்கினால் இந்தத் தலைவலி வராது.

தேடல், நான் கோட்டை விட்ட இடம்

இரண்டு முனையும் தெரிந்தால் வேலை எளிது. நடுவில் ஒரு கயிறு கட்டி, அதைக் கணவாயில் படியும்வரை தளர்த்தும் முறைகள் ஓர்காவிலேயே உண்டு, எக்ஸ்டிபியிலும் ஒரு பாதை தேடும் வசதி உண்டு. ஒரு முனை மட்டும் தெரிந்தால்தான் உண்மையான தேடல் தொடங்கும். அதற்குப் பரவலாகப் பாவிக்கும் வழி எண்ணிப் பார்ப்பது: இருக்கும் பிணைப்புகளில் சிலவற்றை முறி, இல்லாத இடங்களில் சிலவற்றைக் கட்டு, வரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கணவாய் இருக்கிறதா என்று பார். "ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு முறிவு, இரண்டு கட்டு" என்பது இத்துறையில் நன்றாக ஊறிய வரம்பு. பெரும்பாலான தாக்கங்கள் அதற்குள் அடங்கும்.

இந்த வரம்பை வைத்து ஒரு சின்னப் பைத்தன் நிரலை நானே எழுதினேன். ஒரு நீரோடு ஓட்டினேன். காபனோடு நீரின் ஒட்சிசன் சேர, அதே நேரம் நீரின் ஒரு ஐதரசன் காபனீரொட்சைட்டின் ஒட்சிசனுக்குத் தாவும் பாதை கிடைத்தது. ஒரு முறிவு, இரண்டு கட்டு. தடையைப் பார்த்தால் தலை சுற்றியது. வாயுநிலையில் இந்த ஒற்றை நீர்ப் பாதைக்கு 50 கிலோகலோரி அளவில் தடை வரும். 50 என்றே வைத்துக்கொண்டால் பாதி காபனீரொட்சைட்டு மாறப் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பத்து இலட்சம் மடங்கு காலம் வேண்டும். சோடாப் போத்தலில் 20 செக்கனில் நடப்பதற்கு!

காரணம் படத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தாண்டல் நிலையில் காபன், ஒட்சிசன், ஐதரசன், ஒட்சிசன் நான்கும் நெருக்கியடித்த நாற்கோண வளையத்தில் நிற்கின்றன. ஐதரசன் தாவவேண்டிய கோணம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு நீர் பக்கத்தில் இருந்தால்? முதல் நீர் தன் ஐதரசனை இரண்டாம் நீருக்குக் கொடுக்க, இரண்டாம் நீர் தன்னுடைய ஐதரசன் ஒன்றைக் காபனீரொட்சைட்டுக்குக் கொடுக்கும். கை மாற்றி விடுவது. வளையம் ஆறு அணுக்களுக்கு விரியும், முறுக்கு தளரும், தடை பெரிதும் இறங்கும். மூன்றாவது நீர் வந்தால் இன்னும் இறங்கும். இரண்டாவது நீர் முடிவில் நீராகவே மிஞ்சுகிறது. இங்கே அதுவே ஊக்கி.

சரி, இரண்டாவது நீரையும் பாத்திரத்தில் போட்டு ஓட்டினேன். இராத்திரி முழுக்க மடிகணினியின் விசிறி கத்தியது. "ஏன்டா இது ராவெல்லாம் உஸ்ஸு உஸ்ஸுன்னு கெடக்கு, அணைச்சிட்டுப் படேன்" என்று அம்மா இரண்டு தரம் எழுந்து வந்து சொன்னார். காலையில் பார்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, 'முடிந்தது' என்று இருந்தது. புதிய பாதை ஒன்றும் இல்லை. அதே பழைய 50. நீர் ஊக்கியாக வேலை செய்யாது என்று முடிவெடுத்து, அதை ஒரு பக்கம் எழுதியும் வைத்துவிட்டேன்.

பல வாரம் கழித்து ஒரு நாள் பேருந்தில் வரும்போது கடதாசியில் எண்ணிப் பார்த்தேன். கை மாற்றும் பாதையில் முறிவது இரண்டு: முதல் நீரின் ஒரு பிணைப்பு, இரண்டாம் நீரின் ஒரு பிணைப்பு. கட்டப்படுவது மூன்று: காபனோடு ஒன்று, இரண்டாம் நீருக்கு ஒரு ஐதரசன், காபனீரொட்சைட்டுக்கு ஒரு ஐதரசன். நான் போட்ட வரம்போ இரண்டு கட்டு. சரியான பாதை தேடப்படவே இல்லை. நீரைப் பாத்திரத்தில் போட்டேன், ஆனால் அது கை நீட்ட இடம் கொடுக்கவில்லை.

அப்படியென்றால் வரம்பை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எண்ணிப் பாருங்கள். காபனீரொட்சைட்டும் இரண்டு நீரும் ஒன்பது அணு, 36 சோடி. இரட்டைப் பிணைப்பையும் ஒரு தொடர்பு என்றே எண்ணினால் 6 சோடி பிணைந்தவை, 30 பிணையாதவை. சரியாக இரண்டை முறித்து இரண்டைக் கட்டும் சேர்க்கைகள் 6,525. ஒரேயொரு கட்டை மட்டும் கூட்டி மூன்றாக்கினால் 60,900. காபனுக்கு ஐந்து கை, ஐதரசனுக்கு மூன்று கை என்று வரும் அபத்தங்களைக் கழித்தால் மிகப் பெரும்பகுதி உதிர்ந்துவிடும், ஒரே மாதிரியான ஐதரசன்களை இடம் மாற்றி எண்ணியவையும் உதிரும். மிஞ்சுவதும் கொஞ்சமல்ல. ஆகவே வரம்பு வேண்டும், ஆனால் எங்கே வைப்பது என்பதை நீங்கள் கையால் எண்ணித் தீர்மானிக்கவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: பாத்திரத்தில் என்ன என்ன போட்டேன், என்ன போடவில்லை, எத்தனை முறிவு எத்தனை கட்டு அனுமதித்தேன். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற விடைக்கு அந்தத் தாளோடு சேர்த்துத்தான் பொருள்.

கிடைத்தது கணவாய்தானா?

தேடல் ஒரு கணவாயைக் கொண்டுவந்து நீட்டும். உடனே நம்பாதீர்கள். முதலில் அதிர்வு மீடிறன்களைக் கணியுங்கள். உண்மையான தாண்டல் நிலையில் ஒரேயொரு கற்பனை மீடிறன் இருக்கும், நிரல்கள் அதை மறை எண்ணாக அச்சிடும். ஒன்றும் இல்லையென்றால் பள்ளத்தாக்கில் நிற்கிறீர்கள். இரண்டு இருந்தால் ஏதோ ஒரு மலை முகட்டில். ஒன்று இருந்தாலும் அதன் அளவைப் பாருங்கள். ஐதரசன் தாவும் கணவாயில் ஆயிரத்தைத் தாண்டிய மறை எண் வருவது சாதாரணம். மறை 40, மறை 60 என்று வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு நீர் சும்மா தலையாட்டிக்கொண்டிருக்கும்.

அவகாட்ரோவில் அந்த அதிர்வை ஓடவிட்டுக் கண்ணால் பாருங்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். இரண்டு ஒட்சிசன்களுக்கு நடுவில் அந்தச் சின்ன வெள்ளைக் குண்டு இங்கும் அங்கும் போய்வருவது தெரியும், அதோடு காபனீரொட்சைட்டின் நேரான முதுகு மெல்ல வளைந்து நிமிரும். நீங்கள் தேடிய பிணைப்புகள் அசையாமல் வேறெதுவோ அசைந்தால் அது வேறு தாக்கத்தின் கணவாய்.

கண்ணும் ஏமாற்றும். அதனால் கணவாயிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கிப் பார்க்கவேண்டும். இந்த இறங்குபாதையை வரையறுத்தவர் கெனிச்சி ஃபுகுயி, 1981 இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு பக்கம் உங்கள் தாக்கியிலும் மறுபக்கம் உங்கள் விளைவிலும் போய் முடியவேண்டும். பதுளைக்கு என்று ஏறி வேறெங்கோ இறங்கிய கதையாக, மறுபக்கம் நினைக்காத சேர்மம் வருவதும் உண்டு. அதைக் குப்பையில் போடாதீர்கள். தானியங்கித் தேடலின் இலாபமே அந்த நினைக்காதவைதான்.

சக்தியிலிருந்து வேகத்துக்கு

எக்ஸ்டிபி தரும் தடை பல கிலோகலோரி பிசகலாம். அதை வைத்து வடிகட்டலாம், வேகம் சொல்லக்கூடாது. நூறு கணவாய்களில் தேறக்கூடிய பத்தை எடுத்து ஓர்காவில் டிஎஃப்டி முறையில் திரும்பச் சீர்செய்யுங்கள். நீர் சூழ்ந்த நிலையைக் காட்டும் கரைப்பான் மாதிரியையும் சேருங்கள். வெளிவரும் சக்தி ஹாட்ரீ என்ற அலகில் இருக்கும், 627.5 ஆல் பெருக்கினால் கிலோகலோரி/மோல்.

பிசகு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வேகம் தடையோடு அடுக்குக்குறியாக மாறுகிறது. 1935 இல் ஐரிங் எழுதிய சமன்பாட்டின்படி அறை வெப்பநிலையில் தடை 20 கிலோகலோரி என்றால் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்குள். 23 என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 25 என்றால் மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவு. 30 என்றால் 34 வருடம். 1.36 கிலோகலோரிக்கு ஒரு பத்து மடங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தரும் 0.04 ஐத் திருப்பிப் போட்டால் 19 ஐ ஒட்டிய தடை வரும், நொதியத்தின் பத்து இலட்சத்தைப் போட்டால் 9 அளவு. உங்கள் கணிப்பு இந்த எண்களுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள். 3 கிலோகலோரி தள்ளி வந்தாலே வேகத்தில் 150 மடங்கு பிசகு, ஆனாலும் முதல் முயற்சிக்கு அது நல்ல விடை.

இன்னொரு சின்னக் கணக்கு. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள் அல்லவா, இங்கே கூட்டவேண்டும். நிரல்கள் சுயாதீன சக்தியை ஒரு வளிமண்டல அமுக்க வாயுவுக்குக் கணித்துத் தரும். கரைசலில் ஒரு மோலர் செறிவுக்கு மாற்ற, 25 பாகையில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 1.89 கிலோகலோரி கூட்டுங்கள். இரண்டு மூலக்கூறு ஒன்றாகும் தாக்கத்தில் தடை அந்த அளவுக்கு இறங்கும். இதை மறந்தால் யாரும் திட்டமாட்டார்கள், விடை மட்டும் இருபது மடங்குக்கு மேல் பிசகும்.

நாகத்தை உள்ளே கொண்டுவருதல்

நீர்ப் பாதை கைக்கு வந்தபின் நொதியத்துக்குப் போகலாம். முழுப் புரதத்தையும் தூக்கவேண்டாம். நாக அயனில் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலத்தின் மூன்று பக்கச்சங்கிலிகள் பிடித்திருக்கும், நான்காவது இடத்தில் ஒரு ஐதரொட்சைட்டு. ஹிஸ்டிடீனுக்குப் பதிலாக மூன்று அமோனியா போட்டு மாதிரி செய்யுங்கள். நாகம் 2+, ஐதரொட்சைட்டு 1−, ஆகவே மொத்த ஏற்றம் +1. எக்ஸ்டிபிக்கு இதைச் சொல்ல மறந்தால் அது பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு விடையைத் தரும், முறைப்பாடு செய்யாது. நாகத்தில் சோடியில்லாத இலத்திரன் கிடையாது, அதனால்தான் புதியவருக்கு அது நல்ல உலோகம். கொழுந்தைச் சிவக்க வைக்கும் அந்தச் செம்பில் தொடங்கவேண்டாம். அங்கே இலத்திரன் சுழற்சியையும் சேர்த்துத் தீர்மானிக்கவேண்டும், அது வேறு பாடம்.

காபனீரொட்சைட்டைப் பக்கத்தில் வைத்துத் தேடவிட்டால், ஐதரொட்சைட்டு காபனைப் பிடித்து இருகாபனேற்று உருவாகும். தடை சிறியது. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். இருகாபனேற்று நாகத்தில் எந்த ஒட்சிசனால் தொங்கும் என்பதில் இரண்டு பாதை உண்டு. ஒன்றில் ஐதரசன் ஓர் ஒட்சிசனிலிருந்து மற்றதுக்குத் தாவும். மற்றதில் இருகாபனேற்று சும்மா திரும்பி வேறு ஒட்சிசனைக் கொடுக்கும். முதலாவதற்கு லிப்ஸ்கோம் பெயரும் இரண்டாவதற்கு லின்ட்ஸ்கொக் பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த இருவரும் ஆய்ந்து எழுதிய இரண்டு பொறிமுறைகளையும் உங்கள் மடிகணினி யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்தால் உங்கள் தேடல் ஒழுங்காக அமைந்திருக்கிறது.

சுழற்சியை முடிக்க இருகாபனேற்றுக்குப் பதில் ஒரு நீர் வந்து நாகத்தில் அமரவேண்டும், அந்த நீர் ஒரு புரோத்தனை இழந்து மறுபடி ஐதரொட்சைட்டாகவேண்டும். முழுச் சுழற்சியின் வேகத்தைச் சொல்லும்போது மிக உயரமான கணவாயை மட்டும் பார்க்காதீர்கள். ஆழமான இடைநிலைக்கும் அதற்குப் பின்னால் வரும் உயரமான கணவாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்த ஊக்கி, சிறிய மேட்டையும் ஏற முடியாமல் கிடக்கும்.

இந்த மாதிரியில் உங்களுக்கு வரும் வேகம் பெரும்பாலும் நொதியத்தின் உண்மையான வேகத்தோடு பொருந்தாது. காரணம் கணிப்பில் இல்லை. உண்மையான நொதியத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும் படி காபனீரொட்சைட்டைப் பிடிப்பதே அல்ல, அந்தப் புரோத்தனை வெளியேற்றுவது. அது நாகத்திலிருந்து ஒரு நீர்ச் சங்கிலி வழியாகக் கை மாறி, புரதத்தின் 64 ஆவது இடத்திலிருக்கும் இன்னொரு ஹிஸ்டிடீனுக்குப் போகிறது. நீங்கள் போட்ட மூன்று அமோனியாவில் அந்த ஹிஸ்டிடீனும் இல்லை, நீர்ச் சங்கிலியும் இல்லை.

அதனால் அடுத்த ஓட்டத்துக்கு, ஹிஸ்டிடீனின் பக்கச்சங்கிலியில் இருக்கும் இமிடசோல் வளையம் ஒன்றைத் தள்ளி வையுங்கள், அதன் நைதரசனை நாகத்தின் பக்கம் திருப்பி, நிலத்தில் ஆணி அடித்தமாதிரி அதன் அணுக்களைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நாகத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இரண்டு நீர். நாகத்தின் நீர் ஒரு பிணைப்பை விடும், நடுவிலுள்ள இரண்டும் ஆளுக்கு ஒன்றை விடும்: மூன்று முறிவு, மூன்று கட்டு. இருகாபனேற்று போய் நீர் வந்த நிலையில் மொத்த ஏற்றம் +2. இரண்டையும் தாளில் எழுதிவிட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள்.